விரைவீக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் புற்று: விரை உறை மீசோதீலியோமாவைக் கண்டறிவதும் சிகிச்சையும்

விரைப்பையில் நீர் கோத்தால் எல்லோரும் சொல்வது விரைவீக்கம், அதாவது ஹைட்ரோசீல். யானைக்கால் நோய் இருந்த ஊர்களில் கேட்கவே வேண்டாம். பெரும்பாலும் அதுதான் சரி. ஆனால் விரையைப் போர்த்திய டியூனிகா வஜைனாலிஸ் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றும் இப்படித்தான் தொடங்கும்.

நடுவயதைத் தாண்டியவருக்கு நீர் வேகமாகச் சேர்ந்தாலோ, வடித்தபின் மறுபடி கோத்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ சந்தேகப்படுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசு இந்தப் புற்றுக்குக் காரணமாகலாம் என்பதால், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்தது, கப்பல் உடைத்தது போன்ற வேலைகளைக் கேட்டறியுங்கள். பலரிடம் அப்படி எதுவும் இருக்காது. அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்து, ரத்த ஓட்டத்தையும் காட்டும் டாப்ளர் ஸ்கேன். ‘நீர் உள்ளது’ என்பதோடு ரிப்போர்ட் முடிந்தால் போதாது. உறையின் உள்சுவரில் தடிப்போ, நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முடிச்சுகளோ, அவற்றில் ரத்த ஓட்டமோ உண்டா என்று கேளுங்கள். விரைப்புற்றுக்குப் பார்க்கும் ரத்தச் சோதனைகளான ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி பொதுவாக இயல்பாகவே இருக்கும். அதை நம்பி ஏமாறவேண்டாம்.

சந்தேகம் வந்தபின் விரைப்பை வழியாக ஊசி போடக் கூடாது. புற்றுச் செல்கள் தோலில் சிந்தும். விரையின் நிணநீர் வயிற்றுக்குள் போக, தோலின் நிணநீர் தொடையிடுக்குக்குப் போவதால் நோய்க்குப் புது வழி திறக்கும். தொடையிடுக்கில் கீறி, விரைநாணை (விரைக்கு ரத்தக்குழாய்கள் வரும் வடம்) மேலே கட்டி, உறையைத் திறக்காமல் விரையோடு எடுப்பதே முறை. உறையை மட்டும் வெட்டினால் அதே இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு.

பலருக்கு விரைவீக்க அறுவையின்போதுதான் இது தெரியவருகிறது, அல்லது தவறவிடப்படுகிறது. வெட்டிய உறைத்துண்டு குப்பைக்குப் போகாமல் 10% ஃபார்மலினில் பயாப்சிக்குப் போகட்டும். செல்லின் வகையைக் காட்டும் சாயச் சோதனைகளில் கால்ரெட்டினின், டபிள்யூடி1 பாசிட்டிவ், சிஇஏ நெகட்டிவ் என்றால் மீசோதீலிய செல்கள் என்று பொருள், அவ்வளவே. நாள்பட்ட விரைவீக்கத்திலும் அவை பெருகும்; கீழ்த்திசுவுக்குள் ஊடுருவியிருப்பதே புற்றுக்கு உறுதியான சாட்சி. உறுதியானால் மார்பு, வயிறு, இடுப்புக்கு சிடி எடுத்து, விரையையும் எடுக்கும் முழு அறுவையைச் செய்துமுடிக்க வேண்டும்.

பரவியிருந்தால் நுரையீரல் உறைப் புற்றின் கீமோ மருந்துகளே: உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு பெமெட்ரெக்ஸெட் 500 மி.கி., சிஸ்பிளாட்டின் 75 மி.கி., 21 நாளுக்கு ஒருமுறை. ஒரு வாரம் முன்பே தினசரி ஃபோலிக் அமிலமும், 1000 மைக்ரோகிராம் பி12 ஊசியும் தொடங்க வேண்டும். விட்டால் வாய்ப்புண்ணும் ரத்த அணுக்குறைவும் கடுமையாகும். இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரையைத் தானாகப் போடக் கூடாது. குழந்தை வேண்டுவோர் கீமோவுக்கு முன்பே விந்தணு சேமிக்கட்டும்.

திரும்புவது பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளில். அந்தக் காலத்தில் தழும்பையும் தொடையிடுக்கையும் தொட்டுப் பார்ப்பதும், சிடியும் தவறக் கூடாது.