எஞ்சிய கப்சூல்களும் குடல் பக்டீரியாக்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் மாரி மழை தொடங்கியதும் தடிமனும் காய்ச்சலும் வீடு வீடாக வருகின்றன. அவற்றோடு, போன வருடம் வேறு யாருக்கோ எழுதிக்கொடுத்து எஞ்சிய அமொக்சிசிலின் என்னும் அன்டிபயோட்டிக் (பக்டீரியாவைக் கொல்லும் மருந்து) கப்சூல்களும் அலுமாரியிலிருந்து வெளியே வருகின்றன. குடல் பக்டீரியாக்களின் சமநிலை குலைவதைப் பற்றி எழுதும்போது இந்தத் தவறை முதலில் வைக்கிறேன், ஏனெனில் எங்கள் ஊர்களில் மிகச் சாதாரணமாக நடப்பதும் எந்தச் செலவுமின்றித் தவிர்க்கக்கூடியதும் இதுவே. தடிமனை உண்டாக்குவது வைரஸ். அன்டிபயோட்டிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. நோயோடு சம்பந்தமே இல்லாத குடல் பக்டீரியாக்களுள் பலவற்றைத்தான் அது அழிக்கும்.

ஒரு வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பக்டீரியாக்கள் இருப்பதாக 2016 இல் வெளியான கணக்கொன்று காட்டுகிறது. மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி. (மனித உயிரணுக்களைவிடப் பக்டீரியாக்கள் பத்து மடங்கு என்று இன்றும் பலர் சொல்லும் பழைய கணக்கு சரியானதல்ல.) இந்தப் பக்டீரியாக்களுள் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்ந்து, நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன, பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு பியூட்டிரேட்டே முக்கிய எரிபொருள். அவற்றின் இன்னொரு வேலை இடத்தை நிறைத்து நிற்பது. நெல் அடர்ந்து நின்றால் களை தலையெடுக்காது. நெல் அழிந்த இடத்தில் முதலில் முளைப்பது களைதான். குளொஸ்ட்ரிடியோயிடிஸ் டிஃபிசில் என்னும் பக்டீரியா, அன்டிபயோட்டிக்கால் குடல் வெறுமையானபோது இப்படியே பெருகிக் கடுமையான வயிற்றோட்டத்தை உண்டாக்கும். இந்நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களைக் கொண்டு நெதர்லாந்தில் நடத்தி 2013 இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து தயாரித்த கரைசலை ஒரு தடவை குடலுக்குள் செலுத்தியபோதே 16 பேரில் 13 பேர் குணமடைந்தார்கள். வான்கோமைசின் என்னும் அன்டிபயோட்டிக்கை மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேரே குணமடைந்தார்கள்.

இதை வாசித்துவிட்டு அன்டிபயோட்டிக் எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுப்பது இன்னும் ஆபத்தான தவறு. வயலில் இறங்கி வேலை செய்தவருக்குத் தசைநோவுடன் காய்ச்சல் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு அன்டிபயோட்டிக் வேண்டும், தாமதித்தால் சிறுநீரகமும் ஈரலும் பழுதடையலாம். டெங்குவுக்கோ அது எந்தப் பயனும் தராது. எந்தக் காய்ச்சல் எது என்பதை வைத்தியசாலையில்தான் தீர்மானிக்க முடியும், அலுமாரியில் அல்ல.

அடுத்தது, தொடர்பைக் காரணமாக எடுத்துக்கொள்ளும் தவறு. படித்தவர்களும் இதில் விழுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா இரைப்பைப் புண்ணை உண்டாக்குகிறது என்பது உறுதியானது. அதைக் கண்டறிந்த அவுஸ்திரேலியர்களான பாரி மார்ஷலுக்கும் றொபின் வாரனுக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. நீரிழிவின் கதை அப்படியல்ல. நீரிழிவுக்காரரின் குடல் பக்டீரியாக்கள் மற்றவருடையவற்றிலிருந்து வேறுபடுகின்றன என்று பல ஆய்வுகள் கூறின. ஆனால் அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி நோயால் வந்ததல்ல, நீரிழிவுக்காக அவர்கள் குடித்துவந்த மெட்போமின் குளிசையால் வந்தது என்று 2015 இல் தெரியவந்தது. குரோன் நோய் போன்ற குடல் அழற்சிகளிலும் பக்டீரியா வகைகள் குறைந்து காணப்படுகின்றன. அழற்சி முன்னதா, பக்டீரியாக் குறைவு முன்னதா என்பது இன்னும் தீராத கேள்வி. ஆகவே, "குடலைச் சரிப்படுத்தினால் சீனி வருத்தம் போய்விடும்" என்ற பேச்சை நம்பி, கிளினிக்கில் தந்த குளிசையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவதாகும்.

நன்மை தரும் பக்டீரியாக்கள் அடங்கிய விலையுயர்ந்த புரோபயோட்டிக் தூள்கள் எல்லோருக்கும் நன்மை தரும் என்று எண்ணுவதும் தவறு. இஸ்ரேலில் நடந்து 2018 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அன்டிபயோட்டிக்குக்குப் பின் அவற்றை எடுத்தவர்களின் சொந்தப் பக்டீரியாக்கள், ஒன்றும் எடுக்காதவர்களுடையவற்றைவிடத் தாமதமாகவே மீண்டன. எருமைத் தயிர் நல்ல உணவு; அதை மருந்தாக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் நாளொன்றுக்கு 25 கிராமாவது நார்ச்சத்து உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் பரிந்துரைத்தது. குரக்கன், பயறு, கௌபி, முருங்கையிலை, ஒடியல் எல்லாம் எங்கள் காணிகளிலேயே இருக்கின்றன. இவற்றை விட்டு வெள்ளைப் பாணும் பிஸ்கட்டும் உண்பதைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன்.

பிறந்த குழந்தைக்குச் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பது அம்மம்மாமார் அன்பினால் செய்வது. ஆயினும் தவிர்க்க வேண்டியது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் உள்ளன. அவை பிபிடோபக்டீரியம் என்னும் நன்மை தரும் பக்டீரியாக்களுக்கான உணவு. முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டும் போதும். குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தாலும் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) கரைத்துக் கொடுத்து வைத்தியரிடம் காட்ட வேண்டும். வெள்ளம் வடிந்த கிணற்றின் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் எவருக்கும் கொடுக்கக்கூடாது.

கடைசியாக, வயிற்றெரிவுக்கு, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமிபிரசோலை மாதக்கணக்கில் தாமாகவே வாங்கிக் குடிப்பது. இரைப்பை அமிலம் குறையும்போது குடல் பக்டீரியாக்களின் அமைப்பும் மாறுகிறது, குடல் தொற்றுக்கான வாய்ப்பும் கூடுகிறது. மலத்தில் இரத்தம் போவது, காரணமின்றி உடல் மெலிவது, வாரக்கணக்கில் வயிற்றோட்டம் நிற்காதிருப்பது ஆகியவற்றுள் எது இருந்தாலும், "காஸ்ட்ரிக்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிராமல், இதுவரை குடித்த குளிசைகளின் மட்டைகளையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள்.