ஏரியில் புது வாத்தா? பெயர் வைக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

மார்கழியில் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பியிருக்கும்போது கரைமேல் நின்று பார்த்தால், ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தட்டைவாயனும் கலந்து மிதக்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறு மாதிரி தெரிந்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். கிழக்கே எங்கோ பிறந்த வாத்து, வழியில் வேறு கூட்டத்தோடு சேர்ந்து திசைமாறி நம் வட ஆற்காட்டு ஏரியில் வந்து இறங்கக்கூடும். அசாமின் தின்சுகியா வட்டாரத்தில் 1902-இல் பதிவான, கிழக்காசியாவைச் சேர்ந்த மாண்டரின் வாத்து, 2021 பிப்ரவரியில் அங்கே மாகுரி பீல் என்ற ஏரியில் மறுபடி வந்து நின்றது. அதனால் கனவு காண்பதில் தப்பில்லை. அவசரப்பட்டு இன்ன வாத்து என்று பெயர் வைப்பதுதான் தப்பு.

நம்மை முதலில் ஏமாற்றுவது வளர்ப்பு வாத்து. நம் பக்கத்தில் அறுவடை முடிந்த வயல்களிலும் ஏரி ஓரங்களிலும் வாத்து மேய்ப்பவர்கள் உண்டு. சதுப்பேரி ஓரம் ஒரு தம்பி, கறுப்பும் வெள்ளையுமாக, முகத்தில் சிவப்புச் சதையோடு நின்ற ஒன்றைக் காட்டிப் பரபரத்தான். கோலை ஊன்றி நின்றிருந்த வாத்துக்காரர், "அது மணிலா வாத்து சார், தெருவுல வளக்குறது" என்றார். தென்னமெரிக்கப் பூர்வீகம் கொண்ட வாத்துதான், ஆனால் பறந்து வரவில்லை. வால் நுனியில் இறகு சுருண்டிருந்தால், உடம்பு கனத்துப் பின்பக்கம் தொங்கினால், ஆள் வந்தும் அசையாமல் நின்றால், அருகில் வாத்துக்காரர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். அவரிடமே கேட்பது இன்னும் நல்லது.

அழகுக்காக வளர்த்து, கூண்டிலிருந்து தப்பிய வாத்தையும் மறக்கக் கூடாது. 2018-இல் நியூயார்க் நகரப் பூங்காவில் தோன்றிய மாண்டரின் வாத்தின் காலில் வளையம் இருந்தது. எங்கோ வளர்த்த பறவை என்றுதான் கருதினார்கள். ஆகவே கால் இரண்டையும் பாருங்கள், சிறகு வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான் அதிகம் பார்க்கும் குழப்பம் நீலச்சிறகியில்தான். ஆண் வாத்துகள் இனப்பெருக்கம் முடிந்ததும் பளிச்சென்ற இறகை உதிர்த்து, பெண்ணைப் போலப் பழுப்பாகிவிடும். நம்மிடம் வந்து சேரும்போதும் அதே பழுப்புதான். குளிர்காலத்தின் நடுவே பாதி மாறிய நிலையில், கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை திட்டுத்திட்டாக இருக்கும். பார்த்தால் எந்தப் புத்தகப் படத்திலும் இல்லாத பறவை மாதிரி இருக்கும். பெண் நீலச்சிறகியின் அலகடியில் வெளிறிய திட்டு ஒன்று உண்டு. அதைப் பார்த்துப் பைக்கால் கிளுவை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பைக்கால் கிளுவை சைபீரியாவில் முட்டையிட்டு, பெரும்பாலும் தென்கொரியாவில் குளிர்காலம் கழிக்கும் பறவை. அதற்கு அந்தப் புள்ளி உருண்டையாக, சுற்றிலும் கருமை கட்டியதுபோல் தெளிவாக இருக்கும். சந்தேகம் தீர சிறகைப் பார்க்க வேண்டும். சிறகின் பளபளப்புப் பட்டைக்கு முன்னும் பின்னும் வெள்ளைக் கோடு இருந்தால் நீலச்சிறகி. முன்பக்கம் செம்பழுப்பும் பின்பக்கம் மட்டும் வெள்ளையும் இருந்தால்தான் பைக்கால் கிளுவையை நினைக்கலாம். வாத்து எழுந்து சிறகை உதறும் அந்த ஒரு நொடிக்காக அரை மணி நேரம் காத்திருக்கலாம், வீணில்லை.

அளவையும் கண்ணால் நம்பாதீர்கள். பக்கத்தில் புள்ளிமூக்கு வாத்து இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள், அது ஏறக்குறைய 60 செ.மீ. நீலச்சிறகி 40 செ.மீ. அளவுதான். அப்புறம் மாலை வெயில் எந்தப் பழுப்பையும் செம்பொன்னாக்கிவிடும். இரும்பு கலந்த சேற்றில் மேய்ந்த வாத்தின் வயிறும் துருப்பிடித்தாற்போல் இருக்கும்.

இன்னொரு தவறு: பார்த்தவுடன் புத்தகத்தையோ செல்போனையோ திறப்பது. ஒரு படத்தைப் பார்த்துவிட்டால், காணாத கோடும் கண்டதாகத் தோன்றும். முதலில் கையால் எழுதுங்கள். அலகின் நிறம், கண், கால், வால், எதோடு சேர்ந்து மேய்ந்தது, எத்தனை மணி, வெளிச்சம் எந்தப் பக்கம். படம் எடுத்திருந்தால் மூலப் படத்தை அழிக்காதீர்கள். மங்கலாக இருந்தாலும் பறக்கும்போது எடுத்த படத்தில் சிறகு தெரியும். நிறச் செறிவு கூட்டித் திருத்திய படத்தில் நிறமே பொய்யாகிவிடும்.

கிட்டப் போகும் ஆசையை நான் மன்னிப்பதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து களைத்த பறவை, மேய்ந்து கொழுப்பு சேர்க்கவே வந்திருக்கிறது. நல்ல படத்துக்காக மூன்று முறை விரட்டினால் அது கிளம்பிவிடும், கூடவே மற்ற கூட்டமும் எழும்பும். கரையிலேயே உட்காருங்கள். பைனாகுலரோடு ஒரு கருவேல மரத்தின் பின்னால் இருந்தால், அது தானாக மேய்ந்தபடி பக்கத்தில் வரும்.

இடத்தையும் உடனே ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான், ஆனாலும் இரவில் வலை போடுபவர்களுக்கும் வாட்ஸ்அப் இருக்கிறது. நன்கு தெரிந்த இரண்டு பறவையாளர்களை மட்டும் மறுநாள் விடியலில் கூட்டிப் போங்கள். அவர்களிடம் உங்கள் குறிப்பைக் காட்டாமல், "அந்தக் கோரைக்கு இடப்பக்கம் மூன்றாவது வாத்து, என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள்.