தரைக்கு அடியில் கசிவா? டைல்ஸை உடைக்கும் முன்...

கோவைப் பக்கம் பிளம்பிங் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள், எங்கள் செட்டு அந்தக் காலத்தில் செய்த தப்புகளையே திரும்பச் செய்கிறார்கள். வாஷர் தேய்ந்த குழாய், நிரம்பி வழியும் டேங்க் எல்லாம் யார் கண்ணுக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். தரை கான்கிரீட்டுக்கு அடியில் போகும் லைன்தான் பணத்தைத் தின்கிறது.

ஈரம் தெரிகிற இடத்தையே உடைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீடு. பூஜை அறையில் ஸ்கர்ட்டிங்குக்கு (சுவர் அடியில் ஒட்டும் பட்டை) மேலே பெயிண்ட் உப்பியிருந்தது. விரல் வைத்தால் பூச்சு மாவாக உதிர்ந்தது. முன்னால் வந்தவர்கள் அங்கேயே டைல்ஸை உடைத்து, பைப்பே போகாத இடத்தில் குழி தோண்டி, ஈர கிராவலை ஹாலில் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். "ஈரம் இங்கதானுங்க இருக்குது, வேற எங்க ஒடைக்கோணும்?" என்று கேட்டார் அந்த வீட்டு அம்மா. நியாயமான கேள்விதான். ஆனால் கசிவு இருந்தது பின்பக்கக் குளியலறை ஓரம், பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்போடு பிவிசி சேரும் ஜாயின்ட்டில். உடைத்த டைல்ஸுக்கு அதே நிறம் கடையில் கிடைக்கவில்லை. அறை முழுக்க மாற்ற வேண்டியதாயிற்று.

பேஸ்மென்ட்டில், அதாவது வீட்டுத் தரைக்கு அடியில், நிரப்பிய மண் நாளாக நாளாக அமுங்கும். அதற்கும் மேலே போட்ட கான்கிரீட்டுக்கும் நடுவே இடைவெளி விழும். கசியும் தண்ணீர் அதற்குள் ஓடி, பெல்ட் (சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் பட்டை) ஓரமாகவே போய், வழி கிடைத்த சுவரில் ஏறும். ஈரம் என்பது தண்ணீர் வெளியே வந்த இடம், அவ்வளவுதான்.

அதனால் முதலில் லைனைப் பிரியுங்கள். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, டேங்க்கில் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால், அடுத்தடுத்த ராத்திரிகளில் ஒவ்வொரு கேட் வால்வாக (ஒரு லைனை மட்டும் அடைக்கும் திருகு) மூடிப் பாருங்கள். எந்த வால்வை மூடினால் மட்டம் நிற்கிறதோ, அந்த லைன்தான். அப்புறம் அதில் டெஸ்ட் பம்ப் (அழுத்தம் காட்டும் முள் வைத்த பம்ப்) போட்டு அழுத்தம் ஏற்றி, இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றிக் காது வைத்துக் கேளுங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோதான். ஒரு மாடி வீட்டு டேங்க் அழுத்தத்தில் சின்னக் கசிவு சத்தமே போடாது.

பம்ப் முள் இறங்கியதும் தீர்ப்பு சொல்வது

முள் இறங்கினாலே கசிவு என்று ஆகாது. ஃப்ளஷ் டேங்க், கீசர் இரண்டையும் பிரித்தீர்களா? லைனில் இருந்த காற்றை வெளியேற்றினீர்களா? சோலார் வெந்நீர் லைன் என்றால் நன்றாக ஆறட்டும். ஆறும்போதே முள் தானாக இறங்கும்.

டிடிஎஸ் மீட்டரைப் பாதி நம்புவது

சிறுவாணித் தண்ணீர் ஒரு லைன், போர் உப்புத் தண்ணீர் ஒரு லைன் என்று ஓடும் வீடுகளில் ஊறும் நீரை டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) அளப்பது நல்ல யோசனை. அளவு குறைவாக இருந்தால் உப்புத் தண்ணீர் லைன் இல்லை என்று துணியலாம். அதிகமாக இருந்தால் முடிவு கட்டாதீர்கள்; மண்ணில் இருக்கும் உப்பும் கரைந்து சேர்ந்திருக்கும்.

கழிவுநீர் லைனை மறப்பது

வால்வுகளைத் திறந்து வைத்து, குழாய்களை மட்டும் மூடிய ராத்திரியிலும் டேங்க் மட்டம் அப்படியே நிற்கிறது, ஈரம் மட்டும் காயவில்லையா? டிரைனை அடைத்துத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள்.

வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்

கசிவு நிற்கும் முன் அடிக்கவே கூடாது.

குழியை உடனே மூடுவது

ஒட்டிய பசை காயட்டும். திரும்ப பம்ப் போட்டு, முள் அசையாமல் நின்ற பிறகு மண் தள்ளுங்கள். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் சரி.