யுஎஸ்பி வட்டிலிருந்து எக்ஸ்பி: டிரைவர் வரிசையைச் சரிசெய்த அனுபவம்

வேலந்தாவளத்தில் இளநீர் லாரிகளை எடை போடும் மேடை ஒன்றில், 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும் மென்பொருள் இருந்தது. கணினியின் வட்டு 'டக், டக்' என ஒலிக்கத் தொடங்கியதால், அதை அப்படியே ஒரு யுஎஸ்பி வட்டுக்கு நகலெடுத்தேன். ஆனால் விண்டோஸ் சின்னம் ஒரு கணம் தோன்றியதும் 7பி என முடியும் பிழை எண்ணுடன் நீலத்திரை வந்து நின்றது.

தொடக்கத்தில், கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸ்தான் வட்டைப் படித்துத் தருகிறது. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் பொறுப்பேற்றதும், வன்பொருளை இயக்கும் சிறு நிரல்களான தன் டிரைவர்களையே நம்புகிறது. யுஎஸ்பி டிரைவர்களின் 'ஸ்டார்ட்' மதிப்போ 3, அதாவது தேவைப்படும்போது மட்டும் ஏறுபவை என்பதால், தான் ஏறி வந்த வட்டையே கெர்னலால் காண முடியவில்லை.

வட்டை வேறொரு கணினியில் இணைத்து, விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் அதன் சிஸ்டம் ரெஜிஸ்ட்ரி கோப்பை ரெஜ்எடிட் என்னும் திருத்தியில் ஏற்றி, கன்ட்ரோல்செட்001 என்ற பகுதியின் கீழ் யுஎஸ்பிஇஹெச்சிஐ, யுஎஸ்பியுஹெச்சிஐ, யுஎஸ்பிஹப், யுஎஸ்பிஸ்டோர் ஆகிய நான்கு டிரைவர்களும் தொடக்கத்திலேயே ஏறும்படி ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கினேன். டிரைவர்கள் ஏறும் வரிசைக்கான குழுக்களில், முதல் மூன்றை 'பூட் பஸ் எக்ஸ்டெண்டர்' குழுவிலும், கடைசியானதை அதற்குப் பின் ஏறும் 'சிஸ்டம் பஸ் எக்ஸ்டெண்டர்' குழுவிலும் சேர்த்தேன். கணினி எழுந்தது.

மறுநாள் உரிமையாளர் அண்ணாச்சி வட்டைப் பின்பக்கத்தின் வேறு துளையில் செருகிவிட, அடுத்த முறை மீண்டும் நீலத்திரை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. புதிய துளையைக் கண்ட விண்டோஸ், டிரைவர்களை நிறுவும் குறிப்புகள் அடங்கிய ஐஎன்எஃப் கோப்புகளைப் படித்து மதிப்பை 3க்கே திருப்பியிருந்தது. ரெஜிஸ்ட்ரியை மறுபடியும் திருத்தி, யுஎஸ்பி, யுஎஸ்பிபோர்ட், யுஎஸ்பிஸ்டோர் ஆகிய ஐஎன்எஃப் கோப்புகளிலும் 'ஸ்டார்ட்டைப்' வரியை 0 என மாற்றிய பிறகு, எந்தத் துளையில் செருகினாலும் எடைச்சீட்டு வருகிறது.