டியெஸ்டோவை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது

பாட்டுச் செயலியில் மின்னணு நடன இசைக்காரர் டியெஸ்டோவின் பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது 2020இல் வெளியான ‘தி பிசினஸ்’ மாதிரி, மூன்று நிமிடம்கூட முழுதாக ஓடாத பாட்டுகள்தான். அதைக் கேட்டுவிட்டு, ‘இந்த ஆளுக்கா இவ்வளவு பேச்சு’ என்று மூடிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் காதில் கோளாறு இல்லை, ஆரம்பித்த இடம்தான் தப்பு.

டைஸ் வெர்வெஸ்ட் (அதுதான் இயற்பெயர்) 1969இல் நெதர்லாந்தின் பிரேடா நகரத்தில் பிறந்தவர். பாட்டு தயாரித்துப் பெயர் வாங்குவதற்கு முன்பு அதே ஊரில் ஒரு சின்ன கிளப்பில் வார இறுதிகளில் விடிய விடிய இசைத்தட்டு சுழற்றிக்கொண்டிருந்தவர். அதாவது அடிப்படையில் டிஜே. அடுத்தவர் செய்த டிராக்குகளை எந்த வரிசையில் எப்படி ஒட்டுவது என்பதுதான் அவருடைய முதல் தொழில். அதனால் ஆல்பத்தில் ஆரம்பிக்காதீர்கள், மிக்ஸில், அதாவது அப்படி ஒட்டிய தொகுப்பில், ஆரம்பியுங்கள்.

‘இன் சர்ச் ஆஃப் சன்ரைஸ்’ என்ற மிக்ஸ் வரிசையில் 1999 முதல் 2008 வரை வந்த 7 தொகுப்புகள் அவர் செய்தவை. என் ஓட்டு மூன்றாவதுக்கு, 2002இல் வந்த ‘பனாமா’. ஒரே தட்டு, ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். டிராக் டிராக்காக நறுக்கிப் போட்டிருப்பதை விட்டுவிட்டு, இடைவெளி இல்லாமல் ஓடும் முழு மிக்ஸைத் தேடிப்பிடியுங்கள். அப்புறம், பேஸ் (அடியில் ஓடும் கனத்த ஒலி) ஒழுங்காகக் கேட்கும் ஹெட்போன் வேண்டும். நான் 150 ரூபாய் இயர்போனில் கேட்டுவிட்டு இரண்டு வாரம் டிரான்ஸ் இசை (அவர் அப்போது வாசித்த, மெதுவாக ஏறிக்கொண்டே போகும் நடன இசை) என்றாலே ‘த்ஸ் த்ஸ்’ சத்தம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது எண்ணுங்கள். கிக் டிரம் ‘டும்’ என்று விழும் ஒவ்வொன்றும் ஒரு பீட். நான்கு நான்காக எட்டு முறை எண்ணினால் 32 வரும். பெரும்பாலும் அந்த 32 முடிகிற இடத்தில் ஏதாவது மாறும், ஹை-ஹாட் (டிரம்ஸில் ‘த்ஸ்’ என்னும் தாளத்தட்டு) சேரும், இல்லையென்றால் பேஸ் காணாமல் போகும். டிஜே அடுத்த டிராக்கை உள்ளே விடுவதும் பெரும்பாலும் அந்த மாதிரித் திருப்பத்தில்தான். புதிய டிராக்கின் பேஸை மிக்சரில் குறைத்துவைத்துவிட்டு மேல் சத்தங்களை மட்டும் மெதுவாகக் கலப்பார், சரியான இடம் வந்ததும் பழையதன் பேஸை இறக்கிப் புதியதை ஏற்றுவார். இரண்டு பேஸும் சேர்ந்து ஓடினால் ஆடி மாதத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெருக் கோயில்கள் ஒரே நேரத்தில் ஸ்பீக்கர் போட்ட மாதிரி ஆகிவிடும். அந்தக் கைமாற்றத்தை இரண்டு முறை பிடித்துவிட்டீர்கள் என்றால் போதும், அப்புறம் தானாகவே காதில் விழும்.

அடுத்து, டெலீரியம் குழுவின் ‘சைலன்ஸ்’. முதலில் சாரா மெக்லாக்லன் பாடிய மூலத்தைக் கேளுங்கள், பிறகு அதை டியெஸ்டோ தன் பாணியில் மாற்றிச் செய்த ரீமிக்ஸ். 11 நிமிடத்துக்கு மேல் ஓடும், அந்தக் குரலுக்காகக் காத்திருக்கவைப்பார், ஓட்டிவிட்டுக் கேட்டால் ஒன்றுமே கிடைக்காது.

பிறகு 2004. ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிகள் நடந்து வந்தபோது அரங்கில் ஓடியது டிஜேயாக இவர் தொடர்ந்து வாசித்த செட்தான், ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒரு டிஜே நேரடியாக வாசித்தது அதுவே முதல் முறை. வீடியோ கிடைத்தால் கொஞ்சம் பாருங்கள், ஆனால் நேரத்தைச் செலவழிக்க வேண்டியது அதே ஆண்டு ‘ஜஸ்ட் பி’ ஆல்பத்தில் வந்த ‘அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்’மீது. அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் 1936இல் எழுதிய இசை அது. மூலத்தை முதலில் கேளுங்கள்: வயலின்கள் படிப்படியாக ஏறி, உச்சியில் போய் சட்டென்று நின்று, மௌனம், பிறகு தாழ்ந்த குரலில் மறுபடி தொடக்கம். டிரான்ஸ் பாட்டில் நடுவே கிக் நின்று, இசை ஏறி, ஒரு நொடி வெறுமைக்குப் பிறகு எல்லாம் கொட்டுவதும் கிட்டத்தட்ட இதே ஏற்றம்தான். உச்சிக்கு அப்புறம் பார்பர் அடங்கிவிடுகிறார், டியெஸ்டோ அங்கேதான் ஆட்டத்தை ஆரம்பிக்கிறார். இது தெய்வகுத்தம் என்பவர்களும் உண்டு, எனக்குப் பிடிக்கும்.

2009க்குப் பிறகு வேகமாகப் போகலாம். 1997இல் தானே கூட்டாக ஆரம்பித்த பிளாக் ஹோல் நிறுவனத்தை விட்டு வெளியேறி, ‘கலைடாஸ்கோப்’ ஆல்பத்தோடு டிரான்ஸையும் விட்டு விலகினார். பழைய ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த ஆல்பத்தில் ஐஸ்லாந்துப் பாடகர் யோன்சி பாடிய தலைப்புப் பாட்டு ஒன்று போதும் என்பது என் கருத்து. பிறகு லாஸ் வேகாஸ் கிளப்களில் வாசித்த காலம், ஜான் லெஜண்டின் ‘ஆல் ஆஃப் மீ’ ரீமிக்ஸுக்கு 2015இல் கிராமி.

சரி, இப்போது ‘தி பிசினஸ்’ பக்கம் திரும்பி வாருங்கள். டிரான்ஸ் காலத்தில் நிமிடத்துக்கு 135, 140 பீட் ஓடியது, இது 120தான். ஆனாலும் அதே 32 எண்ணிக்கை உள்ளே இருக்கிறது, காத்திருப்பை மட்டும் கத்தரித்திருக்கிறார். அந்தக் காத்திருப்புதான் வேண்டும் என்பவர்கள் குடும்பப் பெயரின் நடுவில் முக்காற்புள்ளி போட்டு, ‘வெர்:வெஸ்ட்’ என்று அவர் 2020இல் தனியாக வைத்துக்கொண்ட மாற்றுப் பெயரைத் தேடுங்கள். இரவு பதினொன்றுக்கு மேல், ஹெட்போனில்.