கூத்துக்கு ரீடேக் கிடையாது: மல்டிடிராக் ரெக்கார்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் ராத்திரிகளில், மைக் செட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்பவன் நான். கம்ப்யூட்டர் இல்லாமல் தனியாக ஓடும் மல்டிடிராக் ரெக்கார்டர்தான் என் கருவி. ஒவ்வொரு மைக்கும் தனி டிராக்காக கார்டில் ஏறும். முகவீணை (நாதஸ்வரம் போன்ற சின்ன ஊதுகருவி) அமுங்கிப் போயிருந்தால் பிறகு அதை மட்டும் தூக்கிக்கொள்ளலாம். புழுதியிலும் பூச்சியிலும் ஒன்பது மணி நேரம் லேப்டாப்பை நம்ப எனக்குத் தைரியமில்லை. ஆனால் இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டும் பதிவைக் கெடுக்கலாம். நான் கெடுத்திருக்கிறேன்.

பாலக்கோடு பக்கம் ஒரு ஊரில் நடந்தது இது. களரி கட்டும்போது, அதாவது கதை தொடங்கும் முன் வாத்தியங்கள் முழங்கும்போது, மத்தளமும் தாளமும் ஒலிக்க, மீட்டரைப் பார்த்து கெயின் (மைக் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு) வைத்தேன். பாடகர் மைக்கில் நாலு வார்த்தை பேசிக் காட்டினார். மீட்டர் மைனஸ் 6 டெசிபல் வரை ஏறியது, சரி என்று விட்டுவிட்டேன். நள்ளிரவுக்கு மேல் துரியோதனன் வேஷம் வந்தது. திரைக்குப் பின்னாலிருந்தே அவர் எடுத்த குரலில் சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. அவசரமாகக் கெயினைக் குறைப்பதற்குள் பிரவேசப் பாட்டு முடிந்துவிட்டது. அந்த டிராக்கில் இன்றைக்கும் குரல் கரகரவென்று உடைந்துதான் கேட்கிறது.

டிஜிட்டலில் 0 என்பது கூரை. அதற்கு மேல் போனால் அலையின் தலை வெட்டப்பட்டுவிடும். வெட்டியதை எந்த மென்பொருளும் முழுசாகத் திருப்பித் தராது. பழைய டேப் காலத்தில் லெவலை ஏற்றி வைப்பது நல்ல பழக்கம், இல்லையென்றால் இரைச்சல் மேலே வந்துவிடும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவருவதுதான் முதல் தவறு. 24 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் கூரைக்கும் நடுவே ஏட்டுக் கணக்குப்படி 144 டெசிபல் இடம் இருக்கிறது. நிஜத்தில் அதைவிடக் குறைவுதான். ஆனால் ஜெனரேட்டர் உறுமலும் ஜனங்களின் பேச்சும் ரெக்கார்டரின் இரைச்சலைவிட எவ்வளவோ மேலே நிற்கும். சராசரி மைனஸ் 20-ஐ ஒட்டி, உச்சம் மைனஸ் 10-ஐத் தாண்டாமல் வைத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. பேசிக் காட்டச் சொல்லாதீர்கள். "வாத்தியாரே, வேஷம் கட்டி வரும்போது எடுக்குற குரல்ல ஒரு அடி பாடுங்க" என்று கேளுங்கள். பாடுவார். அதற்கு மேலும் ஆறு டெசிபல் விட்டுவையுங்கள், ஏனென்றால் ஜனத்தைப் பார்த்ததும் குரல் இன்னும் ஏறும். கூரையைத் தாண்டிய ஒலியையும் வெட்டாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினால் இந்தக் கவலை குறையும். ஆனால் வயர்லெஸ் மைக்கிலேயே குரல் உடைந்து வந்தால் அதுவும் உடைந்ததைத்தான் பதியும்.

அடுத்தது மைக் செட்காரரின் மிக்சரில் இருந்து எடுப்பது. "அண்ணா, மெயின் அவுட்ல ஒரு ஒயர் எடுத்துக்கோங்க, போதும்" என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார். ஆனால் அது மல்டிடிராக் ஆகாது, எல்லாம் கலந்த ஒரே ஜோடி. அவர் ஸ்பீக்கர் கூவாமல் இருக்க ஃபேடரை (சேனலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபிடியை) ஏற்றி இறக்குவதெல்லாம் அதில் விழும். ஒவ்வொரு சேனலிலும் ஃபேடருக்கு முந்திய அவுட் இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்ப்ளிட்டரால் மைக்கை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கிர்ரென்ற கிரவுண்ட் இரைச்சலும் அதில் பெரும்பாலும் அடங்கும். மிக்சரிலிருந்து பலமாக வரும் லைன் அவுட்டை மைக் இன்புட்டில் செருகிவிட்டுக் கெயினைச் சுழிக்கு இறக்கியும் உடைகிறதே என்று திண்டாடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சுவிட்சை லைனுக்கு மாற்றினால் தீர்ந்தது.

வாங்கும்போது நடக்கும் தவறு ஒன்று. பெட்டியில் 24 டிராக் என்று போட்டிருந்தால் 24 மைக் செருகலாம் என்று அர்த்தமில்லை. டாஸ்காம் டிபி-24எஸ்டியில் ஒரே நேரத்தில் 8 டிராக்தான் பதியும். மீதி பிறகு மேலே மேலே பதிந்துகொள்ள. அறையில் உட்கார்ந்து பாட்டுச் செய்பவருக்கு அது தாராளம், களத்தில் எட்டே எட்டு. ஜூம் ஆர்16-இல் எட்டு இன்புட் இருந்தாலும் கண்டென்சர் மைக் இயங்க ஒயர் வழியே தரும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் இரண்டுக்குத்தான் உண்டு. கண்டென்சர் மைக் நாலு வாங்கி வைத்துவிட்டு இதைத் தெரிந்துகொள்வது வேதனை.

கரண்ட் விஷயம் இன்னும் முக்கியம். லைன் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்த நாலைந்து விநாடியில் ரெக்கார்டர் அணைந்தால், அதுவரை பதிந்ததும் சிக்கலில் மாட்டும். பல கருவிகள் ஸ்டாப் அழுத்தும்போதுதான் ஃபைலை முறையாக மூடுகின்றன. மூடாத ஃபைல் சுழி அளவு என்று காட்டும். சத்தம் கார்டில் இருந்தாலும், எட்டு டிராக்கின் துண்டுகளும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால் மீட்பது பெரும்பாடு. அப்படி ஆனால் அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் பதியாமல் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். பேட்டரி போடும் ரெக்கார்டர் என்றால் அடாப்டரோடு பேட்டரியும் இருக்கட்டும். இல்லையென்றால் சின்ன யுபிஎஸ் கட்டாயம். ராத்திரி முழுக்க ஒரே ஃபைலாகவும் ஓட்டாதீர்கள். கட்டியங்காரன் அன்பளிப்பு தந்தவர்கள் பெயரைச் சொல்லும் இடைவெளியில் ஸ்டாப் அழுத்தி உடனே மறுபடி ரெக்கார்டு போட்டுவிடுவேன்.

கார்டுக்குக் கணக்கு எளிது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் மணிக்கு சுமார் 520 எம்பி பிடிக்கும். எட்டு டிராக் 4 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். இரவு 9 மணிக்குத் தொடங்கினால் 32 ஜிபி கார்டு விடியற்காலை 4.40 வாக்கில் நிரம்பும். சண்டை உச்சத்தில் இருக்கும் நேரம் அது. இரண்டு கார்டு கொண்டுபோய், 2 மணி வாக்கில் ஓர் இடைவெளியில் மாற்றுங்கள். கார்டை அந்த ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள். விலை மலிவு என்று சந்தேகமான கார்டு வாங்காதீர்கள், போலிகள் அதிகம்.

வீடியோவும் எடுத்தால் இரண்டும் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். ஒவ்வொரு தடவை ரெக்கார்டு போட்டதும் கேமராவுக்கு முன்னால் ஒரு கைதட்டு. கருவிக்குக் கருவி கடிகாரம் துளி மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட எட்டு மணி நேரத்தில் அரை விநாடிக்கு மேல் விலகி, வாயும் பாட்டும் சேராது. எக்கோ, ரிவெர்ப் எல்லாம் கேட்பதற்கு மட்டும் வையுங்கள், டிராக்கில் ஏற்றாதீர்கள். ஏறினால் இறங்காது. வீட்டு அறையில் பதியும்போது காதை முழுக்க மூடும் ஹெட்போன் போடுங்கள். இல்லையென்றால் தாளச் சத்தம் பாடகரின் மைக்கிலும் ஏறிவிடும்.

இன்னொன்றையும் தவறு என்றே சொல்வேன்: கேட்காமல் பதிவது. அந்தப் பாட்டு அவர்கள் குடும்பம் குடும்பமாகக் காத்துவரும் சொத்து. முதலில் கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரிடம் அனுமதி கேளுங்கள். எங்கே போடப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். விடிந்ததும் தூக்கம் கண்ணைச் சுழற்றும், ஆனாலும் படுக்கும் முன் இரண்டு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். முதல் டிராக் ஆர்மோனியம், இரண்டாவது மத்தளம் என்று நோட்டில் எழுதிய பக்கத்தை போட்டோ பிடித்து அதே ஃபோல்டரில் போடுங்கள். மூன்றாவது காப்பி ஒரு பென்டிரைவில், வாத்தியார் வீட்டுக்கு.