சிப் இல்லாத டேக்: செம்பில் நான்கு பிட்

சிப் இல்லாத ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையால் தொடாமலே படிக்கும் அடையாள வில்லை) செய்ய வரும் மாணவர்கள் வெள்ளி மை, போட்டோ பேப்பர் என்று பட்டியலோடு வருவார்கள். நான் முதலில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு அனுப்புவேன். ஒருபக்கக் காப்பர் போர்டு, எஃப்ஆர்4 (கண்ணாடியிழை எபாக்ஸி), 1.6 மி.மீ. தடிமன். செம்பு இல்லாத பக்கம் வெளிர்பச்சையாகத் தெரியும். பழுப்பு நிறத்தில் கொடுத்தால் அது பினாலிக் (பிசின் ஊறிய காகிதப் போர்டு), வேண்டாம்.

இந்த டேக்கில் எண்ணைச் சொல்வது செம்பின் வடிவம்தான். ஒவ்வொரு பிட்டுக்கும் 2 மி.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகள், நடுவே அரை மி.மீ. இடைவெளி, ஒரு முனை மட்டும் மூடியிருக்கும். இடைவெளியின் நீளம் கால் அலைநீளம் ஆகும் அதிர்வெண்ணில் அது ஒத்திசைந்து, தன் அடையாளத்தைத் திருப்பி அனுப்பும்; அளவில் அது சிகரமாகத் தெரிந்தால் பிட் 1, இல்லாவிட்டால் 0. எஃப்ஆர்4-க்கு என் கணக்கு எளிது: 45.6-ஐ கிகாஹெர்ட்ஸால் வகுத்தால் மி.மீ. கிடைக்கும். 3.0-க்கு 15.2, 3.2-க்கு 14.3, 3.4-க்கு 13.4, 3.6-க்கு 12.7. இன்னும் நெருக்கி நிறைய பிட் திணிக்க ஆசை வரும். எஃப்ஆர்4-இல் இழப்பு அதிகம், பக்கத்துப் பக்கத்துச் சிகரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 200 மெகாஹெர்ட்ஸாவது விடுங்கள்.

லேசர் பிரிண்ட் வடிவத்தைச் சூட்டில் செம்பின் மேல் ஒட்டும் டோனர் டிரான்ஸ்ஃபர், மீதிச் செம்பைக் கரைக்கும் ஃபெர்ரிக் குளோரைடு, வழக்கம்போல. நான்கையும் 1-ஆகவே வெட்டுங்கள். எதை 0 ஆக்க வேண்டுமோ, அதன் திறந்த வாயில் ஒரு சொட்டு ஈயம் வைத்து மூடினால் போதும். இரு முனையும் மூடியதால் ஒத்திசைவு ஏறக்குறைய இரு மடங்குக்குத் தாவி, நாம் பார்க்கும் அதிர்வெண் வரம்பை விட்டே போய்விடும்.

அளப்பதில்தான் பொறுமை வேண்டும். 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் கையடக்க விஎன்ஏ (அதிர்வெண் வாரியாகச் சிக்னலை அளக்கும் கருவி), அகன்ற அதிர்வெண் வரம்புக்கான விவால்டி ஆன்டெனா இரண்டு. டேக் இல்லாமல் எஸ்21 (ஒரு ஆன்டெனாவிலிருந்து மற்றதற்குப் போய்ச் சேரும் சிக்னல்) ஒருமுறை, டேக் வைத்து ஒருமுறை. கழிக்கும்போது டெசிபலைக் கழிக்காதீர்கள், கலப்பெண்களாகவே (அளவும் கட்டமும் சேர்த்து) கழியுங்கள். இரண்டு அளவுக்கும் நடுவில் கேபிளைத் தொட்டால் எல்லாம் வீண். மின்புலம் இடைவெளிக்குக் குறுக்காக விழ வேண்டும்; டேக்கை 90 பாகை திருப்பினால் சிகரம் காணாமல் போகும். வந்தது நிஜச் சிகரமா, சுவர் எதிரொலியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

சரி, விலையை இன்னும் குறைக்கலாமா? தாராளமாக. 3 கிகாஹெர்ட்ஸில் அலுமினியத்தில் மின்னோட்டம் ஒன்றரை மைக்ரான் ஆழத்தில்தான் ஓடும், சமையலறைத் தாளே அதற்குத் தாராளம். ஆனால் காகிதத்தில் ஒட்டினால் 45.6 பொருந்தாது. மெல்லிய காகிதம் கிட்டத்தட்ட காற்றுதான். 3 கிகாஹெர்ட்ஸுக்கு நீளம் 25 மி.மீ.க்குப் பக்கத்தில் போகும். அந்த டேக்கை அட்டைப்பெட்டியில் ஒட்டினால் அதிர்வெண் மறுபடி இறங்கும். அதனால் எதில் ஒட்டப் போகிறீர்களோ அதன் மேல் வைத்தே அளந்து வெட்டுங்கள். தண்ணீர் பாட்டிலில் மட்டும் முயல வேண்டாம்.